மேற்கூரைச் சூரிய மின்சாரமும் மின்பகிர்மானமும்: தண்டலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

மேற்கூரைச் சூரிய மின்சாரம் என்பது வீடு, பள்ளி, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் கூரைமேல் சூரியத் தகடுகளைப் பொருத்தி, அந்த இடத்திலேயே உற்பத்தி செய்து பயன்படுத்தும் மின்சாரம் ஆகும். சொந்தப் பயன்பாட்டுக்குப் போக எஞ்சுவது தெருவிலுள்ள மின்கம்பி வழியாகப் பொது மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் மட்டும் தகடு இருந்தால் இந்த எஞ்சிய மின்சாரம் யார் கண்ணிலும் படாது. பல வீடுகளில் இருந்தால், அத்தெருவின் மின்மாற்றி அதுவரை செய்யாத வேலையைச் செய்ய வேண்டியதாகிறது. தமிழ்நாட்டில் இம்மாற்றம் எவ்வாறு வந்தது, அதற்கான விதிகள் எவ்வாறு மாறின, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு அதில் என்ன பொருள் உள்ளது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தண்டலமும் சுற்றுப்புறமும்

தண்டலம், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையையொட்டி அமைந்த ஊர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இப்பகுதி, 1990களின் பிற்பாதியிலிருந்து தொழில் வட்டாரமாக மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை வந்தது. 2014இல் அது மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இலும் டைம்லர் வணிக வாகன ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் சுற்றிலும் பெருகின.

இதனால் இவ்வட்டாரத்தில் இருவகைக் கூரைகள் அருகருகே உள்ளன. ஒன்று, பகல் முழுவதும் எந்திரங்கள் ஓடும் தொழிற்சாலையின் அகன்ற தகரக் கூரை. மற்றொன்று, பகலில் ஆட்கள் வேலைக்குப் போய்விட, மாலையில்தான் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் இயங்கும் வீட்டு மாடி. ஒரே சூரியன் இரண்டின் மீதும் காய்ந்தாலும் மின்கட்டமைப்பில் ஏற்படும் விளைவு வேறு வேறு.

ஒருவழிப் பாதையாக வளர்ந்த கட்டமைப்பு

சென்னை மாகாணத்தில் பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) ஆகிய நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. 1957 ஜூலை 1 அன்று மாநில மின்வாரியம் தோன்றியது. அதன்பின் கிராமந்தோறும் கம்பிகள் நீண்டன. பாசனக் கிணறுகளில் மின்மோட்டார்கள் ஓடத் தொடங்கின.

இக்கட்டமைப்பு முழுவதும் ஒரே திசையை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. மின் நிலையத்திலிருந்து 400 அல்லது 230 கிலோவோல்ட் கோபுரங்கள், பிறகு 110 கிலோவோல்ட், துணை மின்நிலையத்திலிருந்து 33, 22 அல்லது 11 கிலோவோல்ட் வழித்தடங்கள், கடைசியில் தெருமுனை மின்மாற்றி, அங்கிருந்து வீடு. ஏரி மதகில் திறந்த நீர் வாய்க்கால் வழியே கடைமடை வயலுக்குப் போவதைப் போன்றது இது. கடைமடைக்குப் போகப் போக நீர் குறைவது போலவே, கம்பியின் கடைசி வீட்டுக்குப் போகப் போக மின்னழுத்தமும் குறையும்.

இக்குறைவை ஈடுகட்ட ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. இந்தியாவில் 11 கிலோவோல்ட் மின்சாரத்தை இறக்கித் தரும் தெரு மின்மாற்றிகள் பொதுவாக 433 வோல்ட் தருமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஒரு ஃபேஸுக்குக் கணக்கிட்டால் இது 250 வோல்ட். வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட்தான். வழியில் குறையும் என்று தெரிந்தே தொடக்கத்தில் சற்று உயர்த்தி அனுப்புகிறார்கள். பல பத்தாண்டுகள் நன்றாகப் பயன்பட்ட இந்த ஏற்பாடே, கடைசி வீட்டிலும் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியபோது இடைஞ்சலாக மாறியது.

மின்வெட்டுக் காலமும் 2012 கொள்கையும்

தமிழ்நாட்டில் 2008 முதல் கடும் மின் பற்றாக்குறை நிலவியது. உயரழுத்த இணைப்புப் பெற்ற தொழிற்சாலைகளுக்கு மின் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2012இல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு அன்றாட நிகழ்வானது. தொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின.

இந்தச் சூழலில் 2012 அக்டோபரில் தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியானது. 2015க்குள் 3,000 மெகாவாட் சூரிய மின்சாரம் என்பது அதன் இலக்கு. பெரிய நிலப்பரப்பு நிலையங்களுடன் வீட்டுக் கூரைகளும் அதில் இடம்பெற்றன. உயரழுத்தத் தொழிற்சாலைகள் தம் பயன்பாட்டில் குறிப்பிட்ட விழுக்காட்டைச் சூரிய மின்சாரமாகப் பெற வேண்டும் என்ற கட்டாயமும் கொண்டுவரப்பட்டது. மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014இல் அதை நீக்கியது. ஆயினும் தொழிற்சாலைகள் சூரிய மின்சாரத்தை விட்டுவிடவில்லை. தகடுகளின் விலை இறங்கியதும், அவற்றின் மின்கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட உயர்ந்திருந்ததும் அதற்குக் காரணங்கள்.

நிகர அளவீடும் 30 விழுக்காடு வரம்பும்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பரில் நிகர அளவீட்டு முறைக்கான ஆணையை வெளியிட்டது. இம்முறையில் மீட்டர் இரு திசையிலும் கணக்கிடும். ஒரு வீடு பகலில் 6 யூனிட்டைக் கம்பிக்குத் தந்து, இரவில் 8 யூனிட்டைப் பெற்றால், 2 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம்.

அதே ஆணையில் ஒரு தொழில்நுட்ப வரம்பும் இருந்தது. ஒரு தெரு மின்மாற்றியோடு இணையும் சூரிய அமைப்புகளின் மொத்தத் திறன், அம்மின்மாற்றியின் திறனில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, மின்மாற்றி 100 கேவிஏ என்றால் ஏறத்தாழ 30 கிலோவாட் வரை இணைக்கலாம். வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் பத்து வீடுகளுக்கு இது போதும். பதினோராவது வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் இடம் இருக்காது. முன்னால் வந்தவருக்கு உரிமை, பின்னால் வந்தவருக்குக் காத்திருப்பு என்ற நிலையை இவ்வரம்பு உண்டாக்கியது. பிற்காலத்தில் பல மாநிலங்கள் தம் வரம்புகளை உயர்த்தின. ஆனால் வரம்பே வேண்டாம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அதற்கான காரணம் மின்மாற்றியில் உள்ளது.

நண்பகலில் தெரு மின்மாற்றியில் நடப்பது

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். உற்பத்தி காலையில் மெல்லத் தொடங்கி, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலை 6 மணிக்கு நின்றுவிடும். வீட்டுப் பயன்பாடோ மாலை 6 மணிக்கு மேல்தான் ஏறும்.

தகடுகள் குறைவாக இருக்கும்வரை இதனால் நன்மையே. கோடைப் பகலில் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனத்துக்கு வேண்டிய மின்சாரம் அதே தெருவில் கிடைத்துவிடும். தொலைவிலிருந்து கொண்டுவரும் இழப்பு குறையும். மின்மாற்றியின் சூடு தணியும். கடைசி வீட்டில் மங்கி எரிந்த விளக்கு சற்றுப் பிரகாசமாகும்.

உற்பத்தி தெருவின் தேவையைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. மின்சாரம் மின்மாற்றி வழியாக மேல்நோக்கிச் செல்லத் தொடங்கும். மின்சாரத்தைக் கம்பியில் பின்னோக்கித் தள்ள, வீட்டு முனையில் மின்னழுத்தம் மின்மாற்றி முனையைவிட உயர்ந்திருக்க வேண்டும். மின்மாற்றியிலேயே 250 வோல்ட் அளவில் தொடங்கினால், கடைசி வீட்டில் அதற்கும் மேல் போகும். 230 வோல்ட்டுக்கு 10 விழுக்காடு கூடுதல் என்பது 253 வோல்ட். அதாவது, உயர்வதற்கு எஞ்சியுள்ள இடம் மிகக் குறைவு.

மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட விதிகளின்படி, மின்னழுத்தம் பெயரளவில் 80 முதல் 110 விழுக்காட்டுக்குள் இல்லையெனில் சூரிய இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நேரத்தில், தெருக்கோடி வீட்டின் இன்வெர்ட்டர் நின்றுவிடலாம். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டுக்கு இத்தொல்லை வராது. ஒரே விலை கொடுத்து ஒரே தகடு வாங்கிய இருவருக்கு, வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பயன் வேறுபடுகிறது.

வேறு இரண்டு விளைவுகளும் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஃபேஸ் சமநிலையின்மை. சிறு வீடுகளின் இன்வெர்ட்டர்கள் ஒரு ஃபேஸில் மட்டும் இணைபவை. பல வீடுகள் ஒரே ஃபேஸில் சேர்ந்துவிட்டால் மூன்று ஃபேஸ்களும் ஏற்றத்தாழ்வாகி, நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் கூடும். இரண்டாவது, பாதுகாப்பு. மின்தடையின்போது கம்பியில் வேலை செய்யும் ஊழியர், கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பித் தொடுகிறார். அந்நேரம் ஏதேனும் ஒரு கூரையிலிருந்து மின்சாரம் வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே மின்தடை ஏற்பட்டதும் சூரிய அமைப்பும் தானாக நிற்குமாறு இன்வெர்ட்டர்கள் அமைக்கப்படுகின்றன. பேட்டரி இல்லாத வீட்டில், வெயில் இருந்தும் மின்தடையின்போது மின்சாரம் வராததற்கு இதுவே காரணம். அது அமைப்பின் கோளாறு அன்று.

தொழிற்சாலைக் கூரையின் நிலை

தொழிற்சாலையில் நண்பகல் உற்பத்தியை எந்திரங்கள் அங்கேயே எடுத்துக்கொள்கின்றன. வேலை நாட்களில் வெளியே போவது சிறிதளவே. ஆகவே மின்னழுத்த உயர்வு என்ற சிக்கல் அங்குப் பெரிதாக எழுவதில்லை.

அங்கு எழும் சிக்கல் வேறு. மோட்டார்கள் இயங்கக் காந்தப்புலத்தை உண்டாக்கும் ‘ரியாக்டிவ்’ திறனும் தேவை. சூரிய அமைப்பு பெரும்பாலும் உழைக்கும் திறனை மட்டும் தருகிறது. மற்றதற்கு ஆலை மின்கட்டமைப்பையே நம்புகிறது. எடுத்துக்காட்டாக, 1,000 கிலோவாட் பயன்படுத்தும் ஓர் ஆலையின் பவர் ஃபேக்டர் 0.95 என்க. கூரையிலிருந்து 500 கிலோவாட் வந்தால், மின்வாரிய மீட்டரில் உழைக்கும் திறன் பாதியாகும். ரியாக்டிவ் திறன் குறையாது. மீட்டரில் தெரியும் பவர் ஃபேக்டர் ஏறத்தாழ 0.84 ஆக இறங்கும். உயரழுத்த இணைப்புகளுக்குத் தமிழ்நாட்டில் வேண்டப்படும் அளவு 0.90. அதற்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். கெப்பாசிட்டர்களைக் கூட்டியோ, ரியாக்டிவ் திறனும் தரும்படி இன்வெர்ட்டரை அமைத்தோ இதைச் சரிசெய்யலாம்.

விடுமுறை நாளும் இலங்கையின் பட்டறிவும்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொங்கல், ஆயுதபூசை போன்ற விடுமுறைகளிலும் எந்திரங்கள் நின்றுவிடும். கூரை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். வேலை நாளில் உள்ளேயே கரைந்த மின்சாரம் அன்று வெளியே வரும். வீட்டுக் கூரைகளின் உபரியை அன்று எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் ஆலையும் இருக்காது.

இதே நிலை ஒரு நாடு முழுவதற்கும் நேர்ந்ததை இலங்கையில் காணலாம். அங்கு 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்துக்குப் பின் கூரைத் தகடுகள் விரைவாகப் பரவின. 2025 பிப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே தொடக்கக் காரணம் என்று அமைச்சர் தெரிவித்தார். ஆனால் ஒரு சிறு கோளாறு நாட்டையே ஏன் இருளாக்கியது? தேவை குறைந்திருந்த அந்த நேரத்தில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும், அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழல் எந்திரங்களின் பங்கு குறைந்தும் இருந்ததை இலங்கை மின்சார சபை சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில், சிங்கள – தமிழ்ப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய அமைப்புகளை நிறுத்திவைக்குமாறு சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டின் கட்டமைப்பு அகில இந்தியக் கட்டமைப்போடு இணைந்திருப்பதால் அத்தகைய அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை மிகுதி. ஆனால் இந்த வலிமை ஒரு தெரு மின்மாற்றிக்குப் பயன்படாது. அதன் சுமை அதன் தெருவைப் பொறுத்தது.

கம்பிக்கான செலவு யாருடையது?

தொழில்நுட்பச் சிக்கல்களுக்குத் தீர்வுகள் உண்டு. நீண்ட வழக்காக நீடித்தது செலவுப் பங்கீடுதான். பகலில் சொந்த மின்சாரம், இரவில் வாரிய மின்சாரம் என்று வாழும் நுகர்வோருக்கும் கம்பி, மின்மாற்றி, ஊழியர் எல்லாம் தேவை. அவரது கட்டணம் குறையும்போது இச்செலவு எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். வீடுகளுக்கு 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அரசு மானியத்தோடு, தொழில், வணிக இணைப்புகளின் உயர்ந்த கட்டணமும் இச்சுமையில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. அந்த ஆலைகளே கூரை மின்சாரத்துக்கு மாறினால் தாங்கும் தோள்கள் குறையும். ஆலைகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு: சொந்தப் பணத்தில் தகடு வாங்கி, சொந்தக் கூரையில் உற்பத்தி செய்து, வேலியைத் தாண்டாமல் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு ஏன் கட்டணம் என்று அவை கேட்டன.

விதிகள் இவ்விரு நியாயங்களுக்கும் இடையே ஊசலாடின. 2019இல் வந்த புதிய சூரிய மின்சக்திக் கொள்கை 2023க்குள் 9,000 மெகாவாட்டை இலக்காக வைத்தது. அதே ஆண்டு ஆணையம் நிகர அளவீட்டுக்குப் பதிலாக, உபரியைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் ஆணையில் வீடுகளுக்கு நிகர அளவீடு திரும்ப வந்தது. கூடவே கட்டமைப்புக் கட்டணமும் வந்தது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்முனைவோர் இக்கட்டணத்தை எதிர்த்ததையடுத்து, 2023இல் தமிழக அரசு அவர்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்தது.

சொந்தக் கூரை இல்லாதவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வாழ்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் பெண் தொழிலாளர் விடுதி மட்டும் 18,720 பேர் தங்குவதற்கானது. இவர்களுக்குச் சொந்தக் கூரையும் இல்லை, தம் பெயரில் மின் இணைப்பும் இல்லை.

சொந்த வீடு உள்ளவர்களிலும் வேறுபாடு உண்டு. இலவச யூனிட்டுகளுக்குள் அல்லது அதற்குச் சற்று மேல் பயன்படுத்தும் சிறு குடும்பத்துக்குத் தகட்டினால் மிச்சம் குறைவு. அதிக யூனிட் பயன்படுத்தி உயர்ந்த விகிதத்தில் கட்டணம் செலுத்தும் வீட்டுக்கே மிச்சம் அதிகம். எனவே தகடுகள் முதலில் வசதியான மாடிகளில் ஏறுகின்றன. தெரு மின்மாற்றியில் உள்ள இடத்தையும் அவையே முதலில் பிடிக்கின்றன. பிறகு மின்மாற்றியை மாற்றும் செலவு எல்லார் கட்டணத்திலும் சேர்ந்தால், பயன் பெறாதவரும் அதைச் சுமப்பார்.

இதற்கு ஒரு வழி, கூரை ஓரிடத்திலும் பயனாளி வேறிடத்திலும் இருக்க அனுமதிக்கும் முறை. பள்ளி அல்லது சமூகக் கூடத்தின் கூரையில் பலர் பங்கு சேர்ந்து தகடு அமைத்து, யூனிட்டுகளை அவரவர் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். தில்லியில் 2019இல் இத்தகைய முறைக்கு வழிகாட்டுதல்கள் வெளியாயின.

2024இன் மாற்றங்கள்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் 78,000 ரூபாயும் மானியம்.

அதே மாதம் மின் நுகர்வோர் உரிமை விதிகளும் திருத்தப்பட்டன. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்றும், 5 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்காகக் கட்டமைப்பை வலுப்படுத்த வேண்டியிருந்தால் அச்செலவை மின்பகிர்மான நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் அவை கூறின. 2013இல் பதினோராவது வீட்டுக்காரர் முன் நின்ற தடையை இது அகற்ற முயல்கிறது. தடை நீங்கினாலும் மின்மாற்றியின் திறன் தானாகக் கூடிவிடாது. எந்த மின்மாற்றியில் எவ்வளவு தகடு சேர்ந்துள்ளது, நண்பகலில் எத்திசையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை அளந்து வைத்திருப்பது இப்போது மின்பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பாகிறது.

முடிவுரை

பல நாடுகளில் நண்பகல் உபரியை யாருக்குக் கொடுப்பது என்பதே சிக்கல். தண்டலம் வட்டாரத்தில் வேலை நாட்களில் அச்சிக்கல் இல்லை. வீட்டு மாடியில் எஞ்சும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் ஆலைகள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. இடையில் நிற்பவை தெருவின் தாழ்வழுத்தக் கம்பியும் மின்மாற்றியும். மின்மாற்றியின் மின்னழுத்த நிலையைச் சற்றுக் குறைத்து அமைத்தல், வீடுகளை மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பிரித்தல், மின்னழுத்தத்தைத் தாமே கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர்களைப் பயன்படுத்தல், தண்ணீர்த் தொட்டி மோட்டாரையும் மின் வாகன சார்ஜரையும் நண்பகலில் இயக்குதல் ஆகியவை அதிகச் செலவில்லாத வழிகள். விடுமுறை நாட்களுக்குப் பேட்டரியும் தேவைப்படலாம்.

பைக்காரா காலத்திலிருந்து மேலிருந்து கீழாக ஓடிய மின்சாரம் இப்போது இரு திசைகளிலும் ஓடுகிறது. அதற்கேற்பக் கம்பியை வலுப்படுத்துவது தவிர்க்க முடியாதது. அச்செலவில் மாடி வீட்டுக்காரரின் பங்கு எவ்வளவு, ஆலையின் பங்கு எவ்வளவு, வாடகை அறையில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டும் வைத்திருப்பவரின் பங்கு எவ்வளவு என்பதே 2012 முதல் வந்த ஒவ்வோர் ஆணையும் விடை தேடிய கேள்வி. இனி வரும் ஆணைகளும் அதற்கே விடை சொல்ல வேண்டியிருக்கும்.